எட்டாவது மதில்

என் மனைவிக்கு அவளுடைய அக்காவின் சிறுநீரகத்தை எடுத்து வைத்து, தையல் பிரித்து, வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் நான் அந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை கம்ப்யூட்டர் விளையாட்டு என்றாலே எனக்கு இளக்காரம். மலைக்கோட்டைப் பக்கம் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். கூட வேலை பார்க்கிற இளவட்டங்கள் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனை வைத்துக்கொண்டு, “வர்றான், வர்றான், கேட்டை மூடு” என்று அலறுவதைப் பார்த்து, இதுகளுக்கெல்லாம் வேறு கவலையே கிடையாதா என்று நினைத்ததுண்டு. கவலை இருக்கிறவன்தான் இதை ஆடுவான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

யார் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். இதைப் படிக்கக் கூடாத ஒருவர் இருக்கிறார். தப்பித்தவறி அவர் கண்ணில் பட்டாலும் இது வேறு யாரோ குடும்பத்தின் கதை என்று அவர் நினைத்துக்கொள்ள வேண்டும்.

விளையாட்டு ஒன்றும் பிரமாதமில்லை. ஓர் ஆற்றங்கரை. நடுவில் ஒரு தீ எரிந்துகொண்டிருக்கும். அதைச் சுற்றிக் கொஞ்சம் மனிதர்கள், ஒரு கிணறு, தானியம் வைக்க ஒரு குடிசை. பகலில் மரம் வெட்டலாம், கல் உடைக்கலாம், வேலி போடலாம். பொழுது சாய்ந்ததும் முரசுச் சத்தம் கேட்கும். திரையின் ஓரத்தில் சிவப்பாக ஓர் அம்பு மின்னும். அந்தத் திசையிலிருந்து முகமே இல்லாத உருவங்கள் கூட்டமாக வரும். அவை உள்ளே புகுந்து தீயை அணைத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. விடியும்வரை தாக்குப்பிடித்தால் மறுபடி பகல், மறுபடி மரம், கல், மதில். அவ்வளவுதான்.

“இதுல என்ன இருக்குன்னு இப்படிக் கண்ணு கொட்டாம ஒக்காந்திண்டிருக்கேள்?” என்று என் மனைவி கேட்டாள். அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்வேன். வரப்போகிறது எதுவோ அது எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிறது. வருவதற்குள் தயார் பண்ணிக்கொள்ள அவகாசம் தருகிறது. மதிலின் மேல் விரலை வைத்தால் அதில் இன்னும் எவ்வளவு பலம் பாக்கி என்று ஒரு பச்சைக் கோடு காட்டுகிறது. கோடு குறைந்தால் கல்லைக் கொண்டுபோய் அடைக்கலாம், அடைத்தால் கோடு நிரம்பும். பயந்து பயந்து செய்கிற வேலைக்குக் கண்ணெதிரே பலன் தெரிந்த இடம் அந்த நாட்களில் எனக்கு அது ஒன்றுதான். என் மனைவியின் உடம்பில் அப்படி எந்தக் கோடும் தெரியவில்லை. அவள் பாட்டுக்குச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். ரத்தப் பரிசோதனை வேறு ஏதாவது சொல்லும்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் அன்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். “அவங்க உடம்புக்கு இந்தக் கிட்னி வேத்து ஆளுங்க. தெரிஞ்சா தாக்கும். அதனால உடம்போட காவலை மாத்திரை குடுத்துத் தூங்க வெச்சிருக்கோம். காவல் தூங்குறப்போ சாதாரண சளிகூட ஆபத்துதான். நீங்கதான் பாத்துக்கணும்.” இன்னும் நிறையச் சொன்னார். எந்த மாத்திரை எதற்கு, எது எத்தனை மாதம், எதில் என்ன ஆபத்து என்று வரிசையாக விளக்கினார். என் காதில் விழுந்தது கடைசி வார்த்தைதான். நீங்கதான் பாத்துக்கணும். சரி, பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் கச்சை கட்டிக்கொண்டேன்.

இங்கே என் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அம்மா மடி பார்க்கிறவள். காலையில் குளித்து, கொடியில் தனியாக உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டு தளிகை பண்ணச் சமையலறைக்குள் போனால், பெருமாளுக்கு அமுது செய்விக்கும்வரை அவளை யாரும் தொடக் கூடாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலில் கால் கழுவி, யூனிஃபார்மைக் களைந்துவிட்டுத்தான் உள்ளே வரலாம். பஸ்ஸில் யார் யார் மேலேயோ இடித்துக்கொண்டு வந்த துணி விழுப்பு, மடிக்கு ஆகாது. நான் வேண்டுமென்றே ஓடிப்போய் அவள் முதுகைத் தொட்டு, திரும்பவும் குளிக்க வைத்திருக்கிறேன். காலேஜ் நாட்களில் இதெல்லாம் அறிவு கெட்ட வேலை என்று அவளிடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். கல்யாணம் ஆனதும், நம் வீட்டில் மடியும் கிடையாது தீட்டும் கிடையாது என்று மனைவியிடம் பெருமையாக அறிவித்தவன் நான். அம்மா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன.

அப்பேர்ப்பட்ட நான் என்ன செய்தேன் தெரியுமா? செருப்பு ஃப்ளாட்டுக்கு வெளியே, மாடிப்படி ஓரத்தில். வந்த துணியோடு நேராகக் குளியலறை, குளிக்காமல் அவள் அறைப் பக்கம் தலை காட்டக் கூடாது. அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண்மணியை நிறுத்திவிட்டு நானே பெருக்கித் துடைத்தேன். பூ கூடாது, மண் ஒட்டியிருக்கும். கோயில் தீர்த்தம் கூடாது, துளசி கூடாது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போன நாட்களில் ஜன்னல் கதவுகளின் இடுக்கில் ஈரத்துணியைத் திணித்தேன். ஸ்ரீரங்கம் கோயிலின் ஏழு மதிலுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவனுக்கு எட்டாவதாக ஒன்று கட்டுவது பெரிய காரியமில்லை.

என் மனைவி கட்டிலில் சாய்ந்துகொண்டு இதையெல்லாம் வேடிக்கை பார்ப்பாள். “உங்கம்மா போய்ட்டான்னு யார் சொன்னா? இதோ நிக்கறாளே, வேஷ்டி கட்டிண்டு” என்பாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். சிரிப்பும் வரும். கையில் இன்னொரு தடவை சானிடைசரைத் தேய்த்துக்கொள்வேன்.

அவளைப் பார்க்க யாரையும் விடவில்லை. பக்கத்து ஃப்ளாட்காரர்கள், என் கடை ஆட்கள், அவளோடு படித்தவர்கள் எல்லோருக்கும் ஃபோனிலேயே நன்றி சொல்லி முடித்துவிட்டேன். அவர்களெல்லாம் புரிந்துகொண்டார்கள். அக்காவிடம் அப்படிச் சொல்லி முடிக்க முடியவில்லை.

அக்கா மன்னார்புரத்தில் தனியாக இருப்பவர். கணவர் இல்லை, குழந்தை இல்லை. எங்களுக்கும் குழந்தை இல்லை. என் மனைவிக்குத் தாய் தகப்பன் போன பிறகு அவளுக்கு எல்லாமே அக்காதான். சிறுநீரகம் வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நான் என்னுடையதைக் கொடுக்க முன்வந்தேன், பொருந்தவில்லை. அக்கா யாரையும் யோசிக்க விடவில்லை. “ரெண்டு இருக்கு. ஒண்ணு அவளுக்குன்னு பெருமாள் குடுத்திருக்கார்” என்று சொல்லிவிட்டு, ஏதோ ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கப் போகிறவர் மாதிரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்.

உடம்பு தேறியதும் அவர் வேலைக்குத் திரும்பினார். அவர் வேலை ஒரு தொடக்கப் பள்ளியில். அங்கேதான் எனக்கு உதைத்தது. ஒரு வகுப்பு நிறையக் குழந்தைகள், ஒவ்வொன்றும் மூக்கு ஒழுகிக்கொண்டு, இருமிக்கொண்டு, டீச்சர் புடவையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு. அதற்குமேல் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, நெரிசலில் நின்றுகொண்டு ஸ்ரீரங்கம் வர வேண்டும். அத்தனையையும் சுமந்துகொண்டு வருகிறவரை நான் எப்படி உள்ளே விடுவேன்?

எங்கள் ஃப்ளாட்டின் வாசலில் மரக்கதவுக்கு முன்னால் ஓர் இரும்பு கிரில் இருக்கிறது. கிரில்லுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வந்து அதில் உட்காருவார். என் மனைவி ஹாலின் அந்தக் கோடியில், முகக்கவசம் போட்டுக்கொண்டு உட்காருவாள். இருவரும் உரக்கப் பேசிக்கொள்வார்கள். மாடிப்படியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அக்கா கிரில்லைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “நன்னாருக்குடி இது. என்னோடது உள்ள சௌக்கியமா இருக்கு. நான் வெளில நிக்கறேன்.” மூன்று பேரும் சிரித்தோம். என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. எனக்கு அந்த இருமலைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. எழுந்துபோய் மரக்கதவைப் பாதி சாத்தினேன்.

அவள் தூங்கும் மத்தியான நேரங்களில் நான் ஆடுவேன். கடையில் பாதி நாள் வேலைக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். வந்து, குளித்து, அவளுக்கு மாத்திரை கொடுத்து, அவள் கண் அசந்ததும் ஃபோனில் ஆட்டத்தைத் திறப்பேன். முள்வேலி மரமாயிற்று, மரம் கல்லாயிற்று, ஒற்றை மதில் இரட்டை மதிலாயிற்று. ஓர் இடைவெளிகூட இல்லாமல் வளைத்துக் கட்டினேன். அப்படிக் கட்டியதும் ஆட்டம் எனக்குக் கைகொடுக்காமல் போயிற்று. உள்ளே வர வழியே இல்லை என்றால் அந்த உருவங்கள் நாலா பக்கமும் பிரிந்துபோய்க் கண்ட இடத்தில் மதிலை இடிக்கின்றன. காவல்காரர்கள் எங்கே ஓடுவது என்று தெரியாமல் திண்டாடினார்கள். அதற்குப் பதில் ஒரே ஓர் இடத்தில் குறுகலாக ஒரு வழியை விட்டுவைத்தால், எல்லாம் சமர்த்தாக அந்த வழியாகவே வருகின்றன. அங்கே காவலை நிறுத்திக்கொண்டால் போதும். கடைப் பையன்களிடம் கேட்டபோது, இது அரிச்சுவடிப் பாடம் சார் என்றார்கள்.

அன்று சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே இதை என் மனைவியிடம் பெருமையாக விளக்கினேன். அவள் கவனமாகக் கேட்டாள். “ஆக, ஒரு வாசல் விடணும்” என்றாள். ஆமாம் என்றேன். 

ஆடிப் பெருக்கு வந்தது. சிறு வயதிலிருந்து அக்காவும் தங்கையும் அந்த நாளை விட்டதில்லை. அம்மா மண்டபம் படித்துறையில் காவேரியைச் சேவித்து, அங்கேயே உட்கார்ந்து கலந்த சாதம் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். இந்த வருஷம் அவளை ஆற்றங்கரைக் கூட்டத்துக்கு அனுப்ப முடியாது என்பது அக்காவுக்கும் தெரியும். அதனால் அவர் விடியற்காலையில் எழுந்து புளியோதரை, தேங்காய் சாதம், தத்யோன்னம் எல்லாம் பண்ணி அடுக்கில் போட்டு எடுத்துக்கொண்டு, அந்தக் கூட்டத்தில் பஸ் ஏறி, எங்கள் மாடிப்படிகளையும் ஏறி வந்து நின்றார். தையல் போட்ட பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு மட்டும் ஒரு அரை மணி உள்ள வரேன். அங்க ஒரு ஓரமா ஒக்காந்துக்கறேன். மாஸ்க் போட்டுண்டிருக்கேன் பாருங்கோ” என்றார்.

நான் கிரில்லைத் திறக்கவில்லை. வெளியில் பண்ணின சாதம், பஸ்ஸில் வந்த அடுக்கு, அதில் தயிர் சாதம் வேறு. உள்ளே வாங்கவும் இல்லை. “டாக்டர் கண்டிப்பாச் சொல்லியிருக்கார், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது” என்று இழுத்தேன். டாக்டர் அக்காவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கூட்டத்தைத் தவிருங்கள் என்றுதான் சொல்லியிருந்தார்.

உள்ளேயிருந்து என் மனைவி எழுந்து வந்தாள். வியாதிக்குப் பிறகு அவள் கோபத்தில் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. “ஆடற ஆட்டத்துலகூட ஒரு வாசல் விடணும்னு சொன்னேளே. இவ எனக்கு அந்த வாசல் இல்லையா?” என்றாள்.

“அது விளையாட்டு” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. அக்கா சமாதானம் பண்ணினார். “விடுடி, அவர் சொல்றதும் சரிதான். அடுத்த ஆடிக்குச் சேர்ந்து போலாம். சாதத்தை நான் பாத்துக்கறேன்” என்று அடுக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவர் நின்று நின்று படியிறங்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. என் மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் வருத்தத்துக்கு அடியில் ஒரு திருப்தி இருந்தது. உயிரோடு இருந்தால் கோபித்துக்கொள்ளட்டும், பரவாயில்லை என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்தினார். இத்தனை மாதத்துக்குத்தான் இது என்றார். நாங்கள் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. என் மனைவியும் தேறியிருந்தாள். பால்கனியில் நின்று தெருவைப் பார்க்க ஆரம்பித்தாள். உற்சவத்தில் பெருமாள் எங்கள் வீதியில் எழுந்தருளியபோது மேலேயிருந்தே கை கூப்பினாள். நான் அவளுக்குப் பின்னால், யாராவது பக்கத்து பால்கனியிலிருந்து தும்முகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அசதி என்று படுத்தாள். வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. ஒரு காலையில் நெற்றியைத் தொட்டால் சுட்டது.

எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. எங்கே ஓட்டை? பால் பாக்கெட்டைக் கழுவித்தான் வைத்தேன். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன் வாசல் தாண்டவில்லை. ஜன்னலா? பால்கனியா? பெருமாளைச் சேவிக்க விட்டேனே, அந்தக் கூட்டமா? அவள் காய்ச்சலில் கிடக்க, நான் வீட்டுக்குள் மூலை மூலையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். “ஏன்னா, தேடறதை அப்பறம் தேடலாம். என்னை ஆஸ்பத்திரிக்கு அழைச்சிண்டு போங்கோ” என்று அவள்தான் சொன்னாள். காவேரிப் பாலத்தில் டாக்சி நெரிசலில் நின்றபோது அவள் தலை என் தோளில் கனத்தது. பெருமாளே, பெருமாளே என்று அம்மா சொல்வதுபோலவே என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

சோதனைகள் எடுத்தார்கள். மறுநாள் டாக்டர் அறைக்கு வந்தார். ஒரு வைரஸின் பெயரைச் சொன்னார். கிட்னி வீங்கியிருக்கிறது, அதன் வேலை குறைந்து ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுகிறது என்றார்.

“எங்கேர்ந்து வந்துது டாக்டர்?” என்று என் மனைவி கேட்டாள். நான் கேட்க நினைத்ததை அவள் கேட்டுவிட்டாள்.

“வெளியிலேர்ந்து வரலைம்மா. கிட்னியோடயே வந்தது. உங்க அக்காவுக்குச் சின்ன வயசுல வந்துட்டுப் போயிருக்கும், அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. ரொம்பப் பேர் உடம்புல இது சும்மா தூங்கிட்டு இருக்கு, ஒண்ணும் பண்ணாது. உங்களுக்கு இது வந்ததில்லை, அதான் உங்க உடம்புக்குப் பழக்கமில்லை. ஆபரேஷனுக்கு முன்னாடியே டெஸ்ட்ல தெரியும். அதுக்குத்தான் அந்த மாத்திரை குடுத்தோம். சொல்லியிருந்தேனே சார்?” என்று என்னைப் பார்த்தார். மாத்திரையை நிறுத்தியதும் சில பேருக்கு விழித்துக்கொள்ளும் என்றார்.

அப்புறம் சொன்னதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. வைரஸுக்கு மருந்து ஏற்றுகிறோம். ஆனால் தூங்க வைத்த காவலைக் கொஞ்சம் எழுப்பினால்தான் அது அடங்கும். எழுப்பினால் அந்தக் காவலே கிட்னியைத் தாக்கலாம். எழுப்பாவிட்டால் வைரஸ் அவளையே தாக்கும். “ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோட்டுல நடக்குறோம். நாளைக்கு என்னன்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாது” என்றார்.

அவர் போன பிறகு நான் நடைபாதைக்கு வந்து ஃபோனில் அந்த ஆட்டத்தைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று தெரியவில்லை, கை தானாகப் போயிற்று. என் இரட்டை மதில் அப்படியே நின்றது. நடுவில் தீ எரிந்தது. அதைச் சுற்றி என் ஆட்கள் விறகு அடுக்கினார்கள், தண்ணீர் சேந்தினார்கள். நான் அவர்களை ஒவ்வொருவராக உற்றுப் பார்த்தேன். இவனா? இவளா? இவர்களில் யார்? அந்த ஆட்டத்தில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. உள்ளே இருக்கிறவன் நம் ஆள், வெளியிலிருந்து வருகிறவன் எதிரி. அந்த ஒரு நம்பிக்கையைத்தான் நான் இத்தனை மாதமாக மத்தியானம் மத்தியானம் அள்ளிக் குடித்திருக்கிறேன். அதற்குத்தான் அத்தனை சுகம். நான் ஃபோனை அணைத்துவிட்டேன்.

அம்மாவின் மடியைக் கேலி பண்ணினேனே தவிர, அதன் வேரை நான் விடவில்லை என்று அப்போது தெரிந்தது. எங்கள் வீட்டில் தீட்டு என்பது எப்போதும் இன்னொருவரிடமிருந்து வருவது. பஸ்ஸில் இடித்தவன், தெருவில் உரசியவள், வேலைக்கு வருகிறவள். நம்மிடமே இருக்கிறது, நாமே ஆசையாக வாங்கி உள்ளே வைத்துக்கொண்டதில் இருக்கிறது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வேலைக்கார அம்மாவை நிறுத்தினேன். பள்ளிக்கூடத்துக் குழந்தைகளைப் பார்த்து அருவருத்தேன். அக்காவை நாற்காலி போட்டு வாசலில் உட்கார வைத்தேன். நான் எதை வெளியே நிறுத்தினேனோ அது முதல் நாளே, அக்காவின் சிறுநீரகத்தை நான் கையெடுத்துக் கும்பிட்டு வரவேற்ற அன்றைக்கே, உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அவர்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கழித்திருக்கலாம். 

அறைக்குள் திரும்பினேன். என் மனைவி விழித்திருந்தாள். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

“அக்காவுக்கு இது தெரியக் கூடாது” என்றாள்.

“கேப்பாளே.”

“கேப்பா. தெரிஞ்சா தான் குடுத்ததே விஷம்னு நெனைச்சுப்பா. டாக்டர் ஆயிரம் சொன்னாலும் அவ மனசு கேக்காது. அப்பறம் அவ இருக்கமாட்டா. எனக்கு ஆனது ஆகட்டும், அவளுக்கு இது வேண்டாம்.”

“என்ன சொல்றது?”

“எதையாவது சொல்லுங்கோ. கட்டறதுல கெட்டிக்காரர்தானே நீங்க” என்று சிரிக்கப் பார்த்தாள். உதடு வெடித்திருந்ததால் சிரிப்பு பாதியில் நின்றது.

டாக்டரிடம் போய் அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் சற்று யோசித்துவிட்டு, சரி என்றார்.

அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே வந்தார். புடவைத் தலைப்பில் சாக்பீஸ் பொடி. வார்டுக்கு வெளியே என்னைப் பார்த்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: “எப்படி வந்துதாம்? அவ்வளவு ஜாக்கிரதையா இருந்தேளே?”

“நான்தான்” என்றேன்.

“என்ன நீங்கதான்?”

“கடைல ஒருத்தனுக்கு ஜுரம். அவனோட ஒக்காந்து வேலை பாத்தேன். ஆத்துக்கு வந்தப்போ அசதியா இருந்துது. குளிக்காம அப்படியே அவ பக்கத்துல போய் ஒக்காந்துட்டேன். அதுலேர்ந்து தொத்திண்டதுன்னு டாக்டர் சொல்றார்.”

“குளிக்காமயா? நீங்களா?” அக்கா நம்பவில்லை. என் முகத்தையே பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தப்பு செய்தவன் எப்படி நிற்பான் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நின்றேன். குனிந்த தலையைப் பார்த்து அவர் நம்பிவிட்டார்.

நம்பியதும் அவருக்கு வந்த கோபத்தை நான் அதுவரை யாரிடமும் கண்டதில்லை. குரல் மட்டும் உயரவில்லை. “ஒடம்புலேர்ந்து அறுத்துக் குடுத்தவளை வாசல்ல ஒக்கார வெச்சேள். சரி, அவ நன்னாருக்கணுமேன்னு பொறுத்துண்டேன். பெருக்குக்குக் கொண்டுவந்த சாதத்தைத் திருப்பி அனுப்பிச்சேள். படித்துறையில தனியா ஒக்காந்து சாப்பிட்டேன், தொண்டைல எறங்கல. அப்பவும் பொறுத்துண்டேன். எல்லாருக்கும் சட்டம் போட்டுட்டு, நீங்க குளிக்காமப் போய் அவ பக்கத்துல ஒக்காந்தேளா? நான் குடுத்ததை இப்படிப் பாழாக்கிட்டேளே. மனுஷனா நீங்க?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள்.  ஒரு வார்த்தை பேசினாலும் அழுதுவிடுவேன், அழுதால் எல்லாம் வெளியில் வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

அந்த வார்டில் நோயாளியோடு ஒருவர்தான் இருக்கலாம். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். அக்கா கையை நீட்டினார். “அதைக் கழட்டுங்கோ. இனிமே அவளை நான் பாத்துக்கறேன். லீவு போட்டுக்கறேன். நீங்க அவ கிட்டயே போக வேண்டாம்.”

கழற்றிக் கொடுத்தேன். அவர் கையைக் கழுவினார், விரல் விரலாக. முகக்கவசம் கட்டிக்கொண்டார். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அக்கா தங்கையின் அருகில் போய் உட்கார்ந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் மனைவி அவர் தோளுக்கு மேலாக என்னைத் தேடினாள். நர்ஸ் வந்து திரையை இழுத்துவிட்டார்.

மாலையில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கிரியாட்டினின் இன்னும் ஏறியிருந்தது. இன்றைக்கு ராத்திரியும் நாளையும் ரொம்ப முக்கியம் என்று நர்ஸ் அக்காவிடம் சொல்வது கதவு திறந்தபோது காதில் விழுந்தது. அக்கா வெளியே வந்தார். ஏதாவது சொல்வார் என்று எழுந்து நின்றேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவளை நான் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம். அவகிட்டயும் சொல்லிட்டேன், இனிமே உங்களை உள்ள விடமாட்டேன்னு” என்றார்.

“அவ என்ன சொன்னா?”

“கண்ணை மூடிண்டு கொஞ்ச நேரம் இருந்தா. அப்பறம் சரின்னுட்டா.”

நானும் சரி என்றேன்.